புழக்கடைப் பந்தலும் விதைக் கடனும்

சென்ற தை மாதம் கூடிய நம் சங்கத்தின் மகாசபையில், வரும் ஆடிப் பட்டத்திற்கு அங்கத்தினர் வீடுகள் தோறும் காய்கறி விதைப் பொட்டலங்களைப் பாதி விலைக்கு வழங்குவதென்று ஒரு யோசனை கொண்டுவரப்பட்டது. பலரும் கை தூக்கி ஆதரித்தனர். அவ்வேளையில் பின் வரிசையிலிருந்து முதிய அம்மையார் ஒருவர் எழுந்து, "ஏனுங்க, இதை வருசா வருசம் வாங்கோணுமா, ஒருக்கா வாங்குனாப் போதுமுங்களா?" என்று கேட்டார். மேடையிலிருந்தவர்களிடம் அதற்கு உடனே விடை இல்லை. யோசனை நிர்வாகக் குழுவின் அடுத்த கூட்டத்திற்கு ஒத்திவைக்கப்பட்டது. அக்கூட்டம் கூடுமுன் நம் அபிப்பிராயத்தைத் தெரிவித்துவிடுவது நலமென்று கருதுகிறோம். அதற்குச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டியிருக்கிறது. அங்கத்தினர்கள் பொறுத்தருள்வார்களாக.

நமது இளம்பிராயம் சென்னிமலையை அடுத்ததொரு நெசவாளர் தெருவிலே கழிந்தது. அணா போய் நயா பைசா வந்த 1957ஆம் ஆண்டில் நாம் நான்காம் வகுப்பு மாணவர். தெருவில் வீட்டுக்கு ஒன்றோ இரண்டோ குழித்தறி உண்டு. முன்னால் திண்ணை, நடுவில் தறி, பின்னால் அடுப்படி, அதற்கும் பின்னால் புழக்கடை. நம் பக்கத்தார் பேச்சில் அது பொடக்காலி. இருபது அடிக்கு முப்பது அடி இருந்தால் அதிகம். பாத்திரம் கழுவிய நீரும் குளித்த நீரும் வாழைக்கு ஓடும். வேலியோரம் ஒரு முருங்கை; அதனடியில் சுண்டையும் நாலு மிளகாய்ச் செடியும்; நடுவே பூவரசங் கால்களை நட்டுக் கட்டிய பந்தல். ஆடி பிறந்து முதல் மழை விழுந்ததும் அன்னையார் அப்பந்தலின் நான்கு மூலைகளிலும் குழி வெட்டிக் குப்பை போட்டு, ஒரு மூலையில் புடல், ஒன்றில் பீர்க்கு, ஒன்றில் சுரை, நான்காவதில் அவரை என ஊன்றுவார்கள். கூரை மேல் ஏறுவதற்கு ஓர் அரசாணிக் கொடி தனியாக உண்டு.

இது பொழுதுபோக்கென்று இக்காலத்தார் எண்ணக்கூடும். மாடித் தோட்டம் போட்டு மன அமைதி பெறுவோரை நாம் குறை கூறவில்லை. ஆனால் நெசவாளர் வீட்டுப் பந்தலுக்குக் காரணம் வேறு. அன்று பாவுக்குக் கஞ்சி போடுவது தெருவிலும் பாவடியிலும் வைத்துத்தான். நீண்ட பாவை விரித்துக் கஞ்சி தோய்த்து வெயிலில் உலர்த்தினாலன்றி அது தறிக்கு ஏறாது. ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டால் பாவடி சேறாகும், நூல் ஈரம் காயாது, தறிக்குழியில் நீர் ஊறும். அந்த இரண்டு மாதமும் தறி நிற்கும். தறி நின்றால் கூலி நிற்கும். ஆடியில் ஊன்றிய புடலும் பீர்க்கும் சுரையும் சரியாக அப்பொழுதுதான் காய்த்துக் குலுங்கும். அவரையோ பகற்பொழுது குறுகத் தொடங்கிய பிறகே பூக்கும் இயல்புடையது. கார்த்திகையில் தொடங்கி மாசி வரை கொடுக்கும். தறி நின்ற நாளில் பந்தல் ஓடியது என்று சொன்னால் அது மிகையாகாது. வங்கியில் சேமிப்பில்லாத எளிய குடும்பங்களுக்கு மழைக்காலச் சேமிப்பு அந்த நான்கு குழிகள்தாம்.

அன்னையார் பகல் முழுதும் இராட்டையில் தார் சுற்றுவார்கள். இராட்டையை விட்டு எழுவது விளக்கு வைக்கும் நேரத்தில். ஆகையால் சமையல் என்பது ஒரே அடுப்பில், ஒன்றன்பின் ஒன்றாக, விரைவில் முடிய வேண்டிய காரியம். அவரைக்காயைக் கத்தி தொடாது. நாரெடுத்துக் கையாலேயே மூன்றாக ஒடித்து மண்சட்டியில் போட்டு, ஒரு கையளவு நீரும் உப்பும் இட்டு மூடிவிடுவார்கள். அது அரைவேக்காடு ஆவதற்குள் அம்மியில் வரமிளகாயும் சின்ன வெங்காயமும் சீரகமும் நசுங்கியிருக்கும். தேங்காய் இருந்தால் ஒரு சில்லு. இல்லாவிட்டால் வறுத்த நிலக்கடலைப் பொடி. நம் வீட்டில் பெரும்பாலும் நிலக்கடலைப் பொடிதான். நாம் இன்றும் தேங்காயைக் காட்டிலும் அதையே விரும்புவது நாவின் நினைவாக இருக்கலாம். காய் முற்றிவிட்டால் எறிவதில்லை. உரித்த பருப்பை ஊறவைத்துத் தோலைப் பிதுக்கிக் குழம்பு. அந்த வேலை குழந்தைகளாகிய நமக்கு. விரலிடுக்கிலிருந்து பருப்பு தெறித்துத் தறிக்குழியில் விழுந்தால் இறங்கி எடுத்து வர வேண்டும்.

பீர்க்கங்காயின் சதை பருப்போடு கூட்டாகும். அதன் தோல் புளியும் மிளகாயும் சேர்ந்து மறுநாள் துவையலாகும். புடலங்காயின் உள்ளீடும் விதையும் அதேபோலத் துவையல். சுரைக்காய் இளசாக இருந்தால் கடலைப்பருப்புடன் வேகும். முற்றினால் அதன் ஓடு குடுக்கையாகும். அரசாணிக்காயைக் கீற்றாக அரிந்து பொரியல் செய்த அன்று, இனிப்பில்லாத வீட்டில் இனிப்பு உண்ட திருப்தி. முருங்கைக்கீரை ராகிக் களிக்கு, புளிச்சக்கீரைக் கடைசல் கம்பஞ்சோற்றுக்கு. அரிசிச் சோறு அன்று வாரத்தில் ஓரிரு நாள்தான். 1955இல் பவானிசாகர் அணை முடிந்து கீழ்பவானி வாய்க்காலில் நீர் ஓடத் தொடங்கிய பின்னரே நம் சுற்றுப்புறத்தில் நெல் பெருகியது. காய் மிகுந்துபோன நாளில் கத்தரியும் கொத்தவரையும் மோரிலோ உப்பிலோ ஊறி வற்றலாகிப் பானைக்குப் போகும். கோடையில் அந்தப் பானையைத் திறந்தால் ஐப்பசி மழை வாசம் வீசும் என்று நம் தமக்கையார் சொல்வதுண்டு. நமக்கு வற்றல் வாசம் மட்டுமே வீசியது.

எல்லாம் அமிர்தமாக இருந்தது என்று எழுதப் பலர் முன்வருவார்கள். நாம் அவ்வாறு எழுதமாட்டோம். புரட்டாசிக் கடைசியில் தொடங்கினால் இருபது நாள் தொடர்ந்து புடலங்காய். இருபத்தோராம் நாள் தட்டைத் தள்ளிவிட்டு நாம் அழுதது நினைவிருக்கிறது. தந்தையார் ஒன்றும் சொல்லாமல் நமது பங்கையும் தாமே உண்டார். அன்று தறி நின்று பத்து நாள் ஆகியிருந்தது என்பது பின்னால்தான் புரிந்தது. அவரையில் அசுவினி பிடித்தால் கொழுந்தெல்லாம் கறுத்துப்போகும். விடியற்காலையில் பனி உலருமுன் அடுப்புச் சாம்பலை மெல்லிய துணியில் கட்டிக் கொடியின் மேல் தட்டுவது நம் பொறுப்பு. பள்ளிக்குச் செல்லும்போது தலையில் பாதி சாம்பல் இருக்கும். அந்த வருஷமும் காய் பாதிதான் தப்பியது. பந்தல் காப்பாற்றாத ஆண்டுகளும் உண்டு.

இப்பொழுது நாம் சொல்லவந்த விஷயத்திற்கு வருகிறோம். பந்தலின் மூலதனம் மண்ணன்று, நீருமன்று, விதை. அது பெண்மக்கள் கையில் இருந்தது. கொடியின் முதற்காயை விதைக்கு விட மாட்டார்கள், கடைக்காயையும் விட மாட்டார்கள். நடுப்பருவத்தில், நோயில்லாத கொடியில், நன்றாகத் திரண்ட காயொன்றைத் தேர்ந்து, தறியில் அறுந்த சிவப்பு நூலை அதன் காம்பில் கட்டிவிடுவார்கள். சிவப்பு நூல் கட்டிய காயைத் தொட்டால் அடி விழும். (புடலங்காய் நேராக இறங்க அதன் நுனியில் கல் கட்டுவதும் இதே கழிவு நூலால்தான். நெசவாளர் வீட்டில் நூலுக்கு மட்டும் பஞ்சமில்லை.) முற்றி உலர்ந்த அவரை விதையைச் சாம்பலில் பிசறிச் சுரைக் குடுக்கையில் இட்டு, வாயைத் துணியால் அடைத்துச் சாணம் மெழுகி, அடுப்புக்கு மேலே பரணில் தொங்கவிடுவார்கள். அரசாணி விதை வறட்டியில் பதிந்து சுவரில் காயும். புகை படுமிடத்தில் வண்டு அணுகாது.

அந்த விதை ஒரு வீட்டோடு நின்றதில்லை. வியாழக்கிழமை தோறும் காய்க் கூடையோடு நம் தெருவுக்கு வரும் குடியானவப் பெண்மணி ஒருவர் இருந்தார். நம் வீட்டில் அவருக்காகக் குறைத்துண்டுகள் எடுத்து வைத்திருப்போம். அவர் கத்தரியும் தக்காளியும் வைத்துவிட்டுத் துணியை எடுத்துச் செல்வார். காசு கைமாறியது குறைவு. ஓர் ஆடியில் அவர் திண்ணையில் அமர்ந்து, "ஏனுங்க அக்கா, அவரை விதை ஒரு கைப்பிடி குடுங்க, தைக்கு ரெண்டு கையாத் தாரனுங்க" என்றார். தையில் இரண்டு கைப்பிடி வந்தது. நம் அன்னையார் எண்ணிப் பார்க்கவுமில்லை. பத்திரமில்லை, ஜாமீனில்லை, வட்டி மட்டும் நூற்றுக்கு நூறு. அதில் எவரும் நஷ்டப்படவுமில்லை. நம் நாட்டில் கூட்டுறவு 1904ஆம் ஆண்டுச் சட்டத்தோடு பிறந்ததாக நாம் படிக்கிறோம். அது கடன் சங்கங்களுக்கான சட்டம். நெசவாளிக்கும் குடியானவருக்கும் இடையே இந்த விதைக் கடன் அதற்கு முன்னும் நடந்தது, பின்னும் நடந்தது. பதிவு செய்யப்படவில்லை, அவ்வளவே.

அது எப்போது நின்றது என்று தேதியிட்டுச் சொல்ல இயலாது. நம் வீட்டில் நின்ற கதையை மட்டும் ஒளிக்காமல் சொல்கிறோம். அன்னையார் 1994இல் காலமானார்கள். குடுக்கை பரணிலேயே தொங்கியது. அவர்கள் கை பட்ட பொருளென்று அதைத் தொட நமக்கு மனம் வரவில்லை. இதற்கிடையே விறகடுப்புப் போய் எரிவாயு வந்தது, பரணில் புகை நின்றது. மூன்றாம் ஆடியில் திறந்தபோது விதையில் பெரும்பகுதி பொடியாகிக் கிடந்தது. வண்டு துளைக்காதவை பதினொன்று. அப்பதினொன்றையும் ஊன்றினோம். ஒன்றும் முளைக்கவில்லை. ஓரத்தில் ஊதா நிறம் ஓடிய பட்டையான காய் அது. விதை கறுப்பு, வாயோரத்தில் வெள்ளைக் கோடு. பின்னர் கடைகளில் அவரை என்று பெற்றவை நல்ல அவரைகளே. ஒருமுறை பந்தல் போட்டுக் காத்திருந்தோம். வந்தது முழங்காலளவு நிற்கும் குற்றுச்செடி. பொட்டலத்தில் அதைச் சிறு எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள், நாம்தான் படிக்கவில்லை. அவை நன்றாகவே காய்த்தன. ஆனால் அந்த அவரை அல்ல. மரியாதைக்காக வைத்திருந்த பொருளை அந்த மரியாதையாலேயே அழித்துவிட்டோம் என்ற உறுத்தல் இன்றும் உண்டு.

இனி மகாசபையில் அம்மையார் கேட்ட கேள்வி. பொட்டலத்தில் இருப்பது வீரிய ஒட்டு விதையாயின் வருஷா வருஷம் வாங்கத்தான் வேண்டும். இரண்டு தூய வர்க்கங்களைக் கலந்து எடுக்கும் முதல் தலைமுறை அது. அதன் விளைச்சலிலிருந்து எடுக்கும் விதை தாயைப் போலப் பிறக்காது, பலவாறாகப் பிரிந்துபோகும். இது யாருடைய சூழ்ச்சியும் அன்று, வித்தின் இயற்கை. விவசாய அங்கத்தினர்கள் நம்மீது கோபிக்க வேண்டாம். ஒரு ஏக்கரில் தக்காளியோ கத்தரியோ இட்டு ஒட்டன்சத்திரம் சந்தைக்கு லாரியேற்றுபவருக்கு ஒரே அளவுக் காயும் ஒரே நேர விளைச்சலும் வேண்டும். அவர் ஒட்டு விதை வாங்குவதில் நியாயம் உண்டு. ஆனால் நான்கு குழிப் பந்தலுக்கு அந்த நியாயம் பொருந்தாது. ஒரே நாளில் இருபது கிலோ புடல் காய்த்தால் வீட்டுக்கு அது தொல்லை. மூன்று மாதம் நாளுக்கு இரண்டு காய் கொடுக்கும் பழைய கொடியே குடும்பத்திற்கு உகந்தது.

ஆகவே பொட்டலம் வழங்குவதை நாம் எதிர்க்கவில்லை. அதில் ஒட்டு விதை வேண்டாம், மறுபடி விதையெடுக்கக்கூடிய இரகங்களே இருக்க வேண்டும் என்பது நம் முதற் கோரிக்கை. வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட இரகங்களில் அத்தகையவை உள்ளன. இரண்டாவதாக, அவ்விதை தானமாகவோ பாதி விலைக்கோ அன்றிக் கடனாகவே கொடுக்கப்பட வேண்டும். பத்து விதை பெற்றவர் தையிலோ மாசியிலோ இருபதாகத் திருப்ப வேண்டும். இது கற்பனையன்று. திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரங்கத்தில் 2006 முதல் நெல் திருவிழா நடத்திவந்த நெல் ஜெயராமன், பாரம்பரிய நெல் விதை இரண்டு கிலோ கொடுத்து மறு ஆண்டு நான்கு கிலோவாகப் பெற்றுக்கொண்டார். 2018இல் அவர் மறைந்தார்; அவ்விதமாகப் பரவிய நெல் வகைகள் இன்று பல மாவட்டங்களில் விளைகின்றன. வயலில் நடந்தது புழக்கடையில் நடவாதா?

வீட்டு விதையைப் பிறருக்குக் கொடுப்பது சட்டப்படி சரியா என்று நிர்வாகிகளில் ஒருவர் ஐயுற்றதாக அறிகிறோம். 2001ஆம் ஆண்டின் பயிர் இரகப் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம், விவசாயி தன் விளைச்சலிலிருந்து விதையைச் சேமிக்கவும், விதைக்கவும், பரிமாறவும், பகிரவும், விற்கவும்கூட இடமளிக்கிறது; பதிவு பெற்றுப் பாதுகாக்கப்பட்ட இரகத்தின் விதையை முத்திரைப் பெயரிட்டு விற்பதை மட்டுமே விலக்குகிறது. அன்றியும், வீட்டு விதை வெறும் பழம்பெருமை என்று சொல்லும் நண்பர்களுக்கு ஒரு செய்தி. வேலூர் மாவட்டத்து இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பவானி ஜமக்காளத்திற்குக் கிடைத்த அதே மதிப்பு.

இதைச் சங்கம் ஏன் செய்ய வேண்டும், அவரவரே செய்துகொள்ளலாகாதா என்பது நியாயமான கேள்வி. அவரை பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்ப்பது. அதை ஒரு வீடு தனியாகக் காப்பாற்றிவிடலாம். சுரை, பீர்க்கு, புடல், அரசாணி ஆகியவற்றில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. வண்டும் தேனீயும் அடுத்த வேலியிலிருந்து மகரந்தத்தைக் கொண்டுவரும். புடலும் பீர்க்கும் தமக்குள் கலவா. ஆனால் நம் வீட்டில் நெட்டைச் சுரையும் எதிர்வீட்டில் குண்டுச் சுரையும் இருந்தால் மறு ஆண்டு இரண்டும் கெடும். மொட்டு விரியுமுன் நூலால் கட்டிவைத்து, கையால் மகரந்தம் சேர்த்து, மறுபடியும் கட்டிவிடலாம். பொறுமையுள்ளவர்க்கு அது வழி. அதைவிட எளிது, ஒரு தெரு முழுவதும் ஒரே சுரை, அடுத்த தெருவுக்கு வேறு சுரை என்று பேசி வைத்துக்கொள்வது. தனி மனிதர் எவராலும் இதை நடத்த முடியாது. நூல் வாங்கவும் துணி விற்கவும் ஒன்றுகூடிய நம்மால் முடியும். சங்கத்துப் பேரேட்டில் ஒரு பக்கம் ஒதுக்கினால் போதும். பெயர், விதை, கொடுத்த எண்ணிக்கை, திரும்பிய எண்ணிக்கை. மூடிய கண்ணாடிச் சீசாக்கள் இருபது. பரண் புகைக்கு மாற்றாக நன்கு உலர்த்துதலும் சாம்பலும் உதவும். இரண்டாண்டுக்கு மேல் எதையும் ஊன்றாமல் வைத்திருக்கக் கூடாது என்று ஒரு விதியும் அவசியம். அந்த விதியின் அவசியத்தை நாம் எவ்வாறு அறிந்தோம் என்பதை மேலே சொல்லிவிட்டோம். சீசாக்களின் பொறுப்பை மகளிர் அங்கத்தினர்களிடம் ஒப்படைப்பதே முறை என்பது நம் துணிபு. நிர்வாகக் குழுவில் இன்று ஆடவரே மிகுதி என்பதையும் இவ்விடத்தில் நினைவூட்டுகிறோம்.

இப்பொழுது மாசி. பந்தலில் கடைசிக் காய்கள் காய்ந்து தொங்கும் காலம். இன்னும் இரண்டு வாரத்தில் கொடியை இழுத்தெறிந்து பந்தற்காலைப் பிடுங்கிவிடுவார்கள். வீட்டில் பழைய கொடி எதுவாயினும் இருப்போர், அதில் நல்ல காய் நான்கைந்து விட்டுவைத்து, உலர்ந்தபின் விதையெடுத்து, எந்த ஊர், யாரிடமிருந்து வந்தது, எப்படிச் சமைப்பது என்று ஒரு துண்டுத் தாளில் எழுதிச் சங்க அலுவலகத்தில் கொடுக்கக் கோருகிறோம். எழுத இயலாதவர் வாயால் சொன்னால் நாமே எழுதிக்கொள்வோம். நிர்வாகக் குழு எவ்வாறு முடிவு செய்யினும் இவ்வாண்டு விதை வீணாகாது. அதற்கு நாம் பொறுப்பு.

ஓரம் ஊதா ஓடிய பட்டை அவரை, கறுப்பு விதை, வெள்ளைக் கோடு. இது எவர் வேலியிலேனும் இருப்பதாக அறிந்தோர் தயவுசெய்து தெரிவிக்க வேண்டும். செவ்வாய்க்கிழமைகளில் மாலை ஐந்து மணி வரை நாம் அலுவலகத்தில் இருப்போம். சொல்லியனுப்பினால் நேரில் வந்தும் பெற்றுக்கொள்வோம். பத்து விதை போதும். தையில் இருபதாகத் தருகிறோம்.